ஏழாம் நம்பர் சப்ளையர்

எங்கள் கம்பெனிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த அன்று என் வீட்டுக்காரர் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வைக்கட்டும், புது மிஷின் எது வந்தாலும் வைப்பதுதானே. தையல் மிஷின் என்றால் தலைப்பாகத்தில் வைப்பார். இதற்குத் தலை எது, முகம் எது என்று பிடிபடாமல் திரைக்கு நட்டநடுவில் ஒரு பொட்டை வைத்துவிட்டார். துடைத்தால் ஆகாது என்று யாரையும் தொடவும் விடவில்லை. அது தானாக உதிரும்வரை எனக்கு வந்த மெயில் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டுதான் வந்தன.

அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் நான் உட்கார்ந்ததற்குக் காரணம் நானேதான். பி.காம். படித்துவிட்டுப் பருப்பு வெந்ததா என்று பார்த்துக்கொண்டு கிடக்கிறேனே என்று கல்யாணமான நாளிலிருந்து நான் பாடிய பாட்டு அவருக்குச் சலித்துப்போயிருந்தது. நீயே பார்த்துக்கொள் என்று நாற்காலியைக் காட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் திருப்பூரில் எங்களைப் போன்ற சின்னப் பனியன் கம்பெனிகள் பலவற்றில் இதே கதைதான். ஃபேக்ஸ் மிஷின் மூலைக்குப் போனது, மெயில் வந்தது, மெயிலைப் படிக்க வீட்டுப் பெண்கள் மாடி ஏறினார்கள்.

எழுதுவது நான் என்றாலும் சொல்லுவது அவர். விலையோ, துணியின் எடையோ, கப்பல் ஏறும் தேதியோ, எதைப் பற்றி எழுதுவதானாலும் முதலில் உங்கள் பக்கம் மழை உண்டா என்று கேட்க வேண்டும். அடுத்து, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா. எங்கள் பக்கத்தில் போனை எடுத்தால் பேச்சு அப்படித்தான் ஆரம்பிக்கும். வெள்ளைக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் சண்டை போட்டுப் பார்த்தேன், அவர் மசியவில்லை. ஒருநாள் அங்கிருந்து, எங்கள் ஊரில் எப்போதும் மழைதான் என்று ஒரு வரி பதில் வந்தது. அன்று முழுக்கக் கொடுத்து வைத்தவர்கள், கொடுத்து வைத்தவர்கள் என்று பொருமிக்கொண்டே திரிந்தார். மெயில் போட்ட கையோடு சென்னையில் இருந்த அந்த வெள்ளைக்காரர்களுடைய ஆபீசுக்குப் போன் செய்து மெயில் வந்ததா என்றும் கேட்பார். போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களிடம் சரக்கு வாங்கியது ஒரே ஒரு வெளிநாட்டு பையர். குழந்தைகளுக்கான டி-ஷர்ட். அவர்களுடைய ஆள் ஒருவர் சீசனுக்குச் சீசன் வருவார். கீழே தையல் லைனைச் சுற்றிப் பார்ப்பார், மேலே வந்து என் கையால் சாப்பிடுவார். இலையை மடிக்கும்போது ஆர்டர் எங்களுடையதாகியிருக்கும். என் கோழிக் குழம்பில்தான் எங்கள் ஏற்றுமதியே ஓடுகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்வானேன்.

அந்த மனிதர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த மாதமே மெயில் வந்தது. இனிமேல் ஆள் வரமாட்டார், விலைப் பேச்சும் கிடையாது. பெங்களூரில் இருக்கிற ஒரு ஏலக் கம்பெனி இன்டர்நெட்டில் ஏலம் நடத்தும். எந்த நாட்டுக்காரரும் கலந்துகொள்ளலாம். குறித்த நாளில் குறித்த நேரத்தில் எல்லோரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து விலையை அடிக்க வேண்டும், ஒருவரைவிட ஒருவர் குறைத்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் யார் விலை குறைவோ அவருக்கு ஆர்டர்.

நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆள் முகம் தெரியாமல், காபி கொடுக்காமல், மழை கேட்காமல் ஒரு வியாபாரமா. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே அது மாதிரியா என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் துண்டுக்குள்ளே யாருடைய கை இருக்கிறது என்று தெரியாது என்றேன். அதுதான் அவருக்குப் பிடிக்கவே இல்லை.

பிடிக்கிறதோ இல்லையோ, போயே ஆக வேண்டும். தீபாவளி வந்துகொண்டிருந்தது. எங்கள் தையல் லைனில் இருந்தவர்கள் பெரும்பாலும் தெற்கேயிருந்து வந்த குடும்பங்கள். தீபாவளிக்கு போனஸை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால், திரும்பி வரும்போது எந்தக் கம்பெனியில் வேலை ஓடுகிறதோ அங்கே போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தெருவுக்குத் தெரு டைலர்கள் தேவை என்று போர்டு தொங்குகிற ஊர் இது. கட்டடத்தை விற்றால் இன்னொன்று கட்டலாம், கலைந்துபோன லைனைத் திரும்பக் கூட்டுவது நடக்காத காரியம். தீபாவளிக்குள் ஆர்டர் கையில் இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாவிட்டால் கம்பெனியை மூடிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஏலத்துக்கு முந்தின வாரம் பழகிப் பார்க்க ஒரு பொய் ஏலம் வைத்தார்கள். ஏலக் கம்பெனிப் பெண் ஒருத்தி போனில் ஆங்கிலமும் தமிழுமாகக் கலந்து சொல்லிக்கொடுத்தாள். அன்றைக்கு மட்டும் மவுஸைத் தானே பிடிப்பேன் என்று என் வீட்டுக்காரர் அடம்பிடித்தார். பிடித்தவர், எதிராளி ஒரு படி இறங்கினால் தான் இரண்டு படி இறங்கினார். வேர்த்துக் கொட்டுகிறது, விடுவதாக இல்லை. கடைசியில் நூல் விலைக்கும் கீழே போய் ஜெயித்துவிட்டு எழுந்து நின்று கை தட்டினார். போனில் அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாழ்த்துச் சொன்னாள். மறுநாளிலிருந்து மவுஸ் என் கைக்கு வந்தது.

இங்கே என் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒரே அண்ணன். அவருடைய கம்பெனி எங்களுக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம். எங்கள் வீட்டுக் குழம்பு அங்கே போகும், அங்கே சுட்ட பணியாரம் இங்கே வரும். அவர் நைட்டி செய்வார், நாங்கள் குழந்தைத் துணி செய்வோம். அவர் எங்கள் பொருளைத் தொட மாட்டார், நாங்கள் அவர் பொருளைத் தொட மாட்டோம். உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை, சொந்தத்துக்குள் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இருந்துகொண்டோம்.

அப்படிப்பட்ட அண்ணனிடமும் ஏல விஷயத்தைச் சொல்லக்கூடாது என்றார் இவர். கைகூடும் முன்னே வெளியில் சொன்னால் திருஷ்டி படுமாம். ஏலம் குறித்திருந்தது விஜயதசமி நாளில். கம்பெனிகளுக்கெல்லாம் லீவு, தெருவே வெறிச்சென்று இருக்கும். நாங்கள் மட்டும் ஆபீசில் இருந்தால் கேள்வி வரும். அதனால் பல்லடத்தில் ஒரு சொந்தக்காரருக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போகிறோம் என்று அண்ணனிடம் சொல்வதாக ஏற்பாடு. உடம்புக்கு என்ன என்று அண்ணன் கேட்டபோது இவர் கால் என்றார், நான் நெஞ்சு என்றேன். காலில் ஆரம்பித்து நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று ஒருவழியாகச் சமாளித்தோம். அண்ணனும் தோண்டித் துருவவில்லை. தானும் அன்றைக்கு அவிநாசி கோயிலுக்குப் போவதாகவும் வர இருட்டிவிடும் என்றும் சொன்னார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டோம்.

விஜயதசமி நல்ல நாள்தான், ஆனால் ஏலம் தொடங்கும் நேரம் சரியாக ராகு காலத்தில் விழுந்தது. இதை ஒன்றரை மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்லி மெயில் எழுது என்றார். எழுதியாயிற்று என்றேன், எழுதவில்லை. பதில் வராததைப் பார்த்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ராகு காலம் தொடங்கும் முன்பே கம்ப்யூட்டரைப் போட்டு உள்ளே நுழைந்து உட்கார்ந்துவிட வேண்டும். நல்ல நேரத்தில் வண்டியில் ஏறிவிட்டால் வண்டி எப்போது கிளம்பினால் என்ன என்பது அவர் வாதம். காரைப் பின்பக்கத்து ஷெட்டில் மறைத்தோம், முன்கதவைப் பூட்டினோம், திருடர்கள் மாதிரிப் பின்வழியாக மாடி ஏறினோம். சொந்தக் கம்பெனிக்குள்.

திரையில் ஒரு பட்டியல். கலந்துகொள்பவர்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். நாங்கள் நாலாம் நம்பர் சப்ளையர். எந்த நம்பர் என்ன விலை போட்டிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், குறைந்த விலை மேலே நிற்கும். மூலையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும். முடியப்போகிற சமயத்தில் யாராவது புது விலை போட்டால் இன்னும் ஐந்து நிமிஷம் கூடும்.

முதல் விலையை இரண்டு டாலர் அறுபத்தோரு சென்ட் என்று அடித்தேன். அறுபதே போதுமே என்றார் இவர். எனக்கு அது ஆகாது. எங்கள் அப்பா மூலனூர் சந்தைக்கு முருங்கைக்காய் கொண்டுபோவார். எவ்வளவுக்குப் பேரம் படிந்தாலும் கடைசியில் ஒரு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் அவருக்கு, மொய் எழுதுகிற மாதிரி. சைபரில் முடித்தால் முடிந்துபோகும், ஒன்றில் முடித்தால் வளரும் என்பது அவர் கணக்கு. அந்தப் பழக்கம் என்னோடேயே வந்துவிட்டது. விலையைக் குறைத்துக்கொண்டே போகிற ஏலத்தில் வளர என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

தொடக்கத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். விலை இறங்க இறங்க ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இரண்டாம் நம்பர் ஒரு விலையைப் போட்டுவிட்டு அசையாமல் கிடந்தது. கடைசியில் நாங்களும் ஏழாம் நம்பரும் மட்டும்தான் முட்டிக்கொண்டிருந்தோம். நாங்கள் இறங்கினால் ஏழு இறங்குகிறது, ஏழு இறங்கினால் நாங்கள் இறங்குகிறோம். லாபம் போய்விட்டது. இனிமேல் லைன் கலையாமல் இருந்தால் போதும் என்கிற விலைக்கு வந்துவிட்டோம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யாரடா இந்த ஏழு, பெற்றவர்கள் இவனுக்கு நல்ல புத்தி சொல்லி வளர்க்கவில்லையா, என்ன குடும்பமோ என்ன வளர்ப்போ என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். இவர் பின்னால் நின்று ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது பார்த்துத் தெருவுக்கே கரண்ட் போனது. எங்கள் கம்ப்யூட்டருக்குப் பேட்டரி இருந்தது. இருந்தாலும் நம்பிக்கை இல்லாமல் இவர் கீழே ஓடி ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு மூச்சிரைக்க வந்தார். திரையில் எங்கள் விலைதான் மேலே நின்றது. ஏழாம் நம்பரிடமிருந்து பேச்சில்லை. கடிகாரம் ஓடுகிறது, ஏழு வரவில்லை. அவனும் கழன்றுகொண்டான் என்று இவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அந்த நேரத்தில்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு இருமல் சத்தம் கேட்டது. அண்ணனுடைய ஜெனரேட்டர். அது எங்கள் தெருவுக்கே தெரிந்த சத்தம். இருமும், நிற்கும், மறுபடி இருமும், பிறகு ஒருவழியாக மனசு வந்து ஓடும். ஓடியது. அவிநாசிக்குப் போனவருடைய ஜெனரேட்டர் ஏன் ஓடுகிறது என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டுத் திரையைப் பார்த்தேன். ஏழாம் நம்பர் திரும்ப வந்திருந்தது. எங்களுக்குக் கீழே ஒரு விலை, கடைசியில் ஒன்று.

பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன். மற்றவர்களுடைய விலையெல்லாம் சைபரிலும் ஐந்திலும் முடிந்திருந்தன. ஒன்றில் முடித்தவர்கள் நாங்களும் ஏழும் மட்டும். அதுவரை நான் போட்டியில் மும்முரமாக இருந்து அதைக் கவனிக்கவே இல்லை. என் கை மவுஸ் மேலேயே நின்றுவிட்டது.

"ஏனுங்க, அது எங்கண்ணனுங்க" என்றேன்.

இவருக்கு முதலில் விளங்கவில்லை. நான் திரையைக் காட்டினேன், ஜன்னலைக் காட்டினேன். அவர் ஜன்னலோரம் போய் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றார். இன்னும் ஒரு படி இறங்க எங்களிடம் இடம் இருந்தது. கீழே ஒரு லைன் நிறைய மிஷின்கள் இருந்தன. அடி என்று இவர் சொன்னால் நான் அடித்துத்தான் ஆக வேண்டும், கம்பெனி அவர் உழைப்பு. அடித்துவிட்டு நாளைக்கு அண்ணன் வீட்டுப் படியை எப்படி மிதிப்பேன்?

அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கையெடு அம்மிணி. மச்சானே எடுத்துக்கட்டும். எதுத்த ஊட்டுக்குத்தான போகுது" என்றார்.

நான் அழுதுவிட்டேன். தினமும் காரணம் தேடித் தேடிச் சண்டை போட்ட மனிதர் அவர். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழாம் நம்பர் மேலே நின்றது. ஜெயித்துக்கொண்டிருப்பது நாங்கள் என்பது போல இவர் முகத்தில் ஒரு நிம்மதி.

முடிய ஒரு நிமிஷம் இருக்கையில், அதுவரை அசையாமல் கிடந்த இரண்டாம் நம்பர் சட்டென்று அண்ணன் விலைக்கு ஒரு சென்ட் கீழே போட்டது. கடிகாரம் ஐந்து நிமிஷத்துக்கு ஏறியது.

அண்ணன் இப்போது அடிப்பார் என்று இருந்தோம். அவர் அடிக்கவில்லை. யோசிக்கிறார் போலிருக்கிறது, பொறு என்றார் இவர். நாம் ஒன்று போட்டுவிடலாமா என்று கேட்டேன். மச்சான் போடப்போகிற இடத்தில் நாம் குறுக்கே புகுந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்றார். அதுவும் சரிதான். நான் ஜன்னலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். போடுங்கண்ணா, போடுங்கண்ணா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அண்ணன் போடவில்லை. கடிகாரம் சைபருக்கு வந்தது. கலந்துகொண்டதற்கு நன்றி என்று திரையில் ஒரு வரி வந்தது.

முன்கதவைத் திறந்துகொண்டு நாங்கள் தெருவுக்கு வந்தபோது எதிர்க் கதவும் திறந்தது. அண்ணன் லுங்கியும் பனியனுமாக நின்றார். கோயிலுக்குப் போய் வந்த அடையாளம் ஒன்றுமில்லை. எங்களைப் பார்த்ததும் வேகமாகத் தெருவைக் கடந்து வந்தார்.

"ஏங் கண்ணு அடிக்கல? நீ அடிப்பீன்னுதான நான் கம்முனு உக்காந்திருந்தேன்."

"நீங்க அடிப்பீங்கன்னு நாங்க கம்முனு இருந்தமுங்ணா" என்றேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கரண்ட் போன நேரத்தில், பூட்டியிருந்த எங்கள் கம்பெனியில் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. அவசரத்தில் தன் விலையைப் போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் நாலாம் நம்பரின் ஒன்றுகளைக் கவனித்திருக்கிறார். போட்ட விலையைத் திரும்ப எடுக்க வழியில்லை. தங்கச்சி இன்னும் ஒன்று இறங்கி அடித்துவிட வேண்டுமே என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டாம் நம்பர் வந்ததும், தொல்லை விட்டது, இனி தங்கச்சிக்கு வழி கிடைத்தது என்று சந்தோஷப்பட்டாராம்.

அவருடைய நைட்டி பையர் அந்த வருஷம் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். அதை எங்களிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். குழந்தைத் துணி என்று தெரிந்தும் வேறு வழியில்லாமல் இறங்கியிருக்கிறார்; ஏலத் தாளில் பையர் பெயர் இல்லாததால் அது எங்கள் பையருடைய ஆர்டர் என்று மட்டும் அவருக்குத் தெரியாது. எடுத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று, எங்களைப் போலவே, திருஷ்டிக்குப் பயந்து மறைத்திருக்கிறார். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பல்லடத்துக்காரருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"பொழச்சுட்டாருங்க மச்சான்" என்றார் இவர்.

மூன்று பேரும் நடுத்தெருவில் நின்று சிரித்தோம். நான் அழுதுகொண்டே சிரித்தேன். உலகத்தில் யாராவது மரியாதை பார்த்து ஆர்டரைக் கோட்டை விடுவார்களா? நாங்கள் விட்டோம். இரண்டு ஜெனரேட்டரும் வேலையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

சிரிப்பு அன்றோடு சரி. விஷயம் மறுநாளே லைனுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் இந்த ஊரில் அது வீண் கேள்வி. இரண்டு குடும்பம் அந்த வாரமே வேறு கம்பெனிக்குப் போனது. மற்றவர்கள் தீபாவளி வரைக்கும் இருக்கிறோம் என்றார்கள். அவர்கள் குடியிருந்த லைன் வீடுகள் எங்கள் கம்பெனிக்குப் பின்னால்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் போய்த் திரும்பி வருகிறவர்கள் துணிமணியை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். இனி வரப்போவதில்லை என்றால் அடுப்பையும் கட்டி எடுத்துக்கொள்வார்கள். மாடி ஜன்னலில் இருந்து பார்த்தால் ஒவ்வொரு வாசலிலும் சாக்கு விரித்துப் பாத்திரம் கட்டுவது தெரிந்தது. அந்த ஜன்னலைச் சாத்தி வைத்துவிட்டு மெயில் பார்த்தேன்.

தீபாவளி நெருங்கிய வாரத்தில் ஏலக் கம்பெனிப் பெண் கூப்பிட்டாள். இன்னொரு பையர், கைக்குழந்தைகளுக்கான செட், அவசர ஏலம், கலந்துகொள்கிறீர்களா என்றாள். இந்த முறை ஒளிவுமறைவில்லை. அண்ணன் இரண்டு கம்பெனியும் ஒரே பெயரில் நிற்கலாம் என்றார். வெட்டுவது அவர் இடத்தில், தைப்பது எங்கள் லைனில். துணி, நூல், கூலி என்று எல்லாம் போட்டுப் பார்த்து, எதுவரை இறங்கலாம் என்று மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டோம். கடைசி அடியை மட்டும் ஆண்கள் இரண்டு பேரும் சொல்லும்போது நான் அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

நல்ல ஏற்பாடு! ஏலத்தன்று என் நாற்காலிக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அண்ணன். கடைசி நிமிஷம் வந்தது. எங்களுக்கு மேலே ஒரே ஒரு ஆள் நின்றான். பேசி வைத்த விலைக்கு இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது. அடிக்கட்டுமா என்று கேட்டேன்.

"மாப்ள, நீங்க சொல்லுங்க" என்றார் அண்ணன்.

"இல்லீங்க மச்சான், பெரியவங்க நீங்க சொல்லுங்க" என்றார் இவர்.

அண்ணன், லைன் மாப்பிள்ளையுடையது, அவர் சொல்வதுதான் முறை என்றார். இவர், யோசனையே மச்சானுடையது, மச்சான் இருக்கும்போது தான் எப்படி வாய் திறப்பது என்றார். கடிகாரம் அரை நிமிஷத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. எனக்கு ஜன்னலுக்கு வெளியே விரித்துக் கிடந்த சாக்குகள் ஞாபகத்துக்கு வந்தன. நான் யாரையும் கேட்கவில்லை, அடித்தேன்.

ஐந்து நிமிஷம் கூடியது. மேலே இருந்தவன் இறங்கவில்லை. வேறு யாரும் வரவில்லை. கடிகாரம் சைபருக்கு வந்து, வாழ்த்துகள் என்று திரையில் எழுத்து வந்தபோதும், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அண்ணன் இவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், அதெப்படி என்று இவர் மறுத்துக்கொண்டிருந்தார். நான் திரையைக் காட்டவில்லை. சாவகாசமாகப் பேசி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டுப் பின்படி வழியாக இறங்கி லைன் வீடுகளுக்கு ஓடினேன்.

முதல் வாசலில் எங்கள் லைனில் காலர் தைக்கிற பெண் சாக்கு மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் பஸ்ஸுக்குச் சீட்டுப் போட்டு வந்திருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. ஆர்டர் வந்துவிட்டது, தீபாவளி முடிந்து நேரே இங்கேதான் வர வேண்டும் என்று சொன்னேன். அவள் நம்பாமல் என் முகத்தையே பார்த்தாள். யார் சொன்னது, முதலாளியா என்று கேட்டாள். முதலாளிக்கு இன்னும் தெரியாது, நான்தான் சொல்கிறேன் என்றேன்.

அவள் ஊசியைச் சேலை ஓரத்தில் குத்திக்கொண்டு, தைத்த நூலைப் பல்லால் அறுத்துப் பிரித்தாள்.

"அப்ப அடுப்பு இங்கனயே கெடக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டு, சாக்குக்குள் கையை விட்டு அதை வெளியே தூக்கினாள்.